ட்ரையல் ரூமில் கேட்ட குரல்

"கடை திறந்த அன்னைக்கே, ட்ரையல் ரூம் உள்ளேருந்து யாரோ 'போதுமா?'னு கேட்டாங்க."

வேங்கிக்கால் ஸ்டாப்பில் ஏறி, டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்த துணிக்கடை அம்மா சொன்னார். அவர் பக்கத்து சீட்டில், கலெக்டர் ஆபீஸில் வேலை செய்யும் பெண்.

"உள்ள யாரு இருந்தாங்கக்கா?"

"யாருமில்ல. கண்ணாடியில நான்தான் தெரிஞ்சேன். இன்னொரு கடை போட்டேன், அங்கயும் அதே குரல். வியாபாரம் ஜாஸ்தியாக ஆக பயமும் ஜாஸ்தியாச்சு. அப்புறம் கடையில வேலை செய்ற பொண்ணு சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனா. முழங்கால் போட்டேன், காதுகிட்டயே 'போதுமா?'னு கேட்டுது. மொத தடவையா பதில் சொன்னேன். 'இதெல்லாம் போதல ஆண்டவரே, நீங்க போதும்'னேன். அன்னைக்குதான் நிம்மதியா தூங்குனேன்."

"குரல் நின்னுடுச்சா?"

"இல்ல, இப்பவும் கேக்குது. யாருனு தெரிஞ்சதால பயமில்ல."

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினாள்.

"இன்னைக்கு எனக்கு ப்ரமோஷன் ஆர்டர் வந்துதுக்கா. ஆபீஸ்ல முகம் கழுவிக்கிட்டிருந்தேன். பின்னாடி யாரோ அதையேதான் கேட்டாங்க. திரும்பினா யாருமில்ல."

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்ன பதில் சொன்ன?"