கண்ணாடிக் கதவில் ரெண்டு மூஞ்சி

— கதவுல இருந்து கைய எடு. அந்த போஸ்டரைக் கிழிச்சே, தங்கச்சின்னு பார்க்க மாட்டேன்.

— இதை ஒட்டுறப்ப தங்கச்சின்னு நீ பார்த்தியா? ரோட்டைப் பார்த்த கண்ணாடிக் கதவு, எதிர்ல பஸ் ஸ்டாப். நிக்கிறவன் போறவன் எல்லாம் பார்க்குறான்.

— பார்க்கத்தானே ஒட்டியிருக்கு? பியூட்டி பார்லர் விளம்பரத்தை பீரோவுக்குள்ளயா ஒட்டுவாங்க?

— 'ஓய்வே இல்லாத அம்மாக்களா? தினம் பத்து நிமிஷம் போதும்.' கீழ ரெண்டு போட்டோ. 'பின்'னு பளபளன்னு சிரிக்கிறது நீ. 'முன்'னு கண்ணு குழி விழுந்து, தலை பரட்டையா, செத்துப் பிழைச்சவ மாதிரி ஒண்ணு கிடக்கே, அது யாரு? கேக்குறேன்ல?

— உனக்கு யாருன்னு தோணுது, மகராசி?

— தோணுறதென்ன? நம்ம அப்பாவே நம்ம ரெண்டு பேரையும் மாத்தி மாத்திக் கூப்பிடுவாரு. அது உனக்கு வசதியாப் போச்சு. நான் பிள்ளை பெத்துப் படுத்திருந்தப்ப போன்ல எடுத்தேல்ல, அத 'முன்'னு போட்டு, உன் மூஞ்சிய 'பின்'னு போட்டு க்ரீம் விக்கிறே. ஆபீஸ்ல ஒருத்தி சொல்றா, "பரவாயில்லையே, நல்லா தேறிட்டீங்களே"ன்னு. மானம் போச்சு.

— மெதுவா பேசு, உள்ள உன் பொண்ணு தூங்குறா. உனக்கு அங்க மானம் போனப்ப, இங்க நான் அவளுக்கு மூக்கு சிந்திக்கிட்டிருந்தேன், மகராசி.

— சொல்லிக் காட்டிட்டேல்ல? எத்தனை நாளா வயித்துக்குள்ள வெச்சிருந்தே?

— காட்டினா என்ன தப்பு? கையைப் பாரு, சொரசொரன்னு, துணி தேய்க்கிற கல்லு மாதிரி. முதுகு பிடிச்சுக்கிட்டு கோணிக்கிட்டு நடக்குறே. ஒரு பத்து நிமிஷம் உக்காரு, எண்ணெய் தேச்சு விடுறேன்னா, ஓசிலயே சொன்னேன், உக்கார்ந்தியா?

— உக்காரவா? காலையில பல்லு விளக்குறதே பாதியில நிக்குது. நிம்மதியா மூஞ்சி கழுவி எத்தனை நாளாச்சு தெரியுமா? பத்து நிமிஷமாம்! பெத்தவளுக்குத்தான் அந்தப் பத்து நிமிஷம் எங்க போகுதுன்னு தெரியும்.

— என்ன சொன்னே?

— உள்ளதைத்தான் சொன்னேன். அம்மாக்களுக்கு புத்தி சொல்ல உனக்கு என்ன தகுதி இருக்கு? கேக்குறேன்ல?

— போதும். நிறுத்து.

— நிறுத்த மாட்டேன். இப்பவே அந்தப் போட்டோவை எடு. எடுக்கலேன்னா நாளையில இருந்து பாப்பா இங்க வர மாட்டா. வேற ஆளைப் பார்த்துக்குவேன்.

— என்னை என்ன வேணா சொல்லிக்கோ. அவளை என்கிட்ட இருந்து பிரிக்காத.

— அப்ப எடு. திருட்டுப் புத்தியப் பாரு, அடையாளம் தெரியக் கூடாதுன்னு என் மோவாயில இருக்கிற மச்சத்தைக் கூட அழிச்சிருக்கே!

— நான் எதையும் அழிக்கல.

— அப்ப மச்சம் எங்க? பறந்து போச்சா?

— அந்த மூஞ்சில மச்சமே கிடையாது. கண்ணு இருக்குல்ல, கிட்ட போய்ப் பாரு.

— இரு... இது என் நைட்டி இல்ல. இந்தக் கட்டிலும் நான் படுத்த கட்டில் இல்ல. அக்கா, இது நீயா? நீ எப்ப இப்படிக் கிடந்தே?

— நீ நிறைமாசமா இருந்தப்ப.

— அப்ப நீ ஊர்லயே இல்லையே. பார்லர் பயிற்சிக்குப் போறேன்னு போனியே.

— பயிற்சியாவது மண்ணாவது. ரெண்டு தடவை தங்கல. இதாவது தங்கட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லிக்கலாம்னு வெளியூர்ல போய்ப் படுத்தே கிடந்தேன். ஏழாம் மாசமே வலி வந்துடுச்சு. மாசமா இருக்கிறவ காதுல இது விழக் கூடாதுன்னு அம்மா என் வாயை அடைச்சாங்க. அடைச்ச வாய் அடைச்சபடியே இருந்துடுச்சு.

— ஐயோ, அக்கா... அப்புறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— அழாத. எனக்குப் பத்திக்கிட்டு வருது. தகுதி கேட்டேல்ல? அந்தப் போட்டோ உன் மாமா எடுத்தது. நான் பெத்தவ என் மடியில இருந்தா, அப்ப மூச்சு இருந்துச்சு. அவளை மட்டும் வெட்டிட்டு ஒட்டினேன்.