சாவித் துவாரத்துக் குளவி

சின்னவள்: டார்ச்சை ஆட்டாம பிடிக்கா.

பெரியவள்: கொட்டிச்சுன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது.

சின்னவள்: உள்ள யாரு இருக்கா கொட்டுறதுக்கு? குஞ்சுதான் போன வாரமே வெளிய வந்து பறந்துடுச்சே. நானே பார்த்தேன்.

பெரியவள்: அப்புறம் என்ன? ஸ்கூட்டர்ல சாவி போடுற ஓட்டை மறுபடி அடைச்சிருக்கு. குளவி திரும்ப வந்திருக்கு. அவ்வளவுதான்.

சின்னவள்: நேத்து சாயங்காலம் திறந்துதான் இருந்துச்சு. ஒரே ராத்திரியில எப்படி?

பெரியவள்: குளவிகிட்டயே கேளு.

சின்னவள்: குளவி கட்டினா சொரசொரன்னு இருக்கும், உருண்டை உருண்டையா. இது வழவழன்னு இருக்கு.

பெரியவள்: உனக்கு எதுக்குடி இந்தத் துப்பறியிற வேலை? சித்தப்பா வந்து பார்ப்பார், சாவி போகலைன்னா விட்டுட்டுப் போவார். போன தடவை போனாரில்ல?

சின்னவள்: அப்போ அம்மாதானே சொன்னாங்க, குஞ்சு வெளிய வந்ததும் வண்டியை எடுத்துக்கோங்கன்னு. இன்னிக்கு...

பெரியவள்: ஏய், கண்ணாடியில கை வைக்காத.

சின்னவள்: தூசிக்கா.

பெரியவள்: இருந்தா இருக்கட்டும். அப்பா திருப்பி வச்ச மாதிரியே இருக்கட்டும்.

சின்னவள்: இதுல வானம் மட்டும்தான் தெரியுது.

பெரியவள்: அப்பா உயரத்துக்கு ரோடு தெரியும்.

சின்னவள்: ...அக்கா, உன் சைக்கிள் இருக்கு, பக்கத்து வீட்டு வண்டி இருக்கு. இதுல ஏன் வந்து கட்டிச்சு?

பெரியவள்: தினம் ஓடுற வண்டியில கட்டாதுடி. அப்பா செத்த மறு வாரமே வந்து மண்ணு வச்சுது. இது இனிமே நின்னுதான் கெடக்கும்னு நமக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

சின்னவள்: எனக்கு முதல்ல கோவமா வந்துச்சு, குச்சியால நோண்டிடலாம்னு. அப்புறம் அது பச்சைப் புழுவைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்து, குஞ்சுக்குன்னு உள்ள வச்சு மூடிச்சு பாரு... விட்டுட்டேன்.

பெரியவள்: ம்.

சின்னவள்: உண்மையைச் சொல்லு. நீதானே அடைச்ச?

பெரியவள்: முதல் தடவை நான்தான். குஞ்சு போன அன்னிக்கே மண்ணை அப்பினேன். அது காஞ்சு உதிர்ந்துடுச்சு. நேத்து நான் தொடவே இல்ல. நீயாத்தான் இருக்கும்னு உன்னைக் காப்பாத்திட்டு இருக்கேன்.

சின்னவள்: நானா? நான் சாவியைத்தான் அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சேன்.

பெரியவள்: அடிப்பாவி. அம்மா தேடலையா?

சின்னவள்: தேடவே இல்லக்கா. அதான் எனக்கும் புரியல.

பெரியவள்: இரு, கிட்ட காட்டுறேன்... இங்க பாரு, நகம் பதிஞ்சிருக்கு. உன் நகம் இல்ல. உனக்குத்தான் கடிச்சே தீர்ந்துடுமே.

அம்மா: காலங்காத்தால வண்டிகிட்ட ரெண்டு பேருக்கும் என்ன வேலை?

சின்னவள்: அம்மா, கையைக் காட்டு.

அம்மா: எதுக்கு? மண்ணு. பூந்தொட்டியைக் கிளறினேன்.

பெரியவள்: அப்பா போனதுலேர்ந்து தொட்டிப் பக்கமே நீ போகலையேம்மா.

அம்மா: ...போன் அடிக்குது பாரு. உங்க சித்தப்பாவாத்தான் இருக்கும்.

சின்னவள்: என்னன்னு சொல்லட்டும்?

அம்மா: குளவி மறுபடி முட்டை வச்சிருக்குன்னு சொல்லு. அந்த அரிசி டப்பாவுல இருக்கிற சாவியும் அங்கயே இருக்கட்டும்.