இரட்டை மரத்துக்கு வழி

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய விழாத் தலைவரும், பதவியேற்ற முதல் நாளே தம் சொந்த அலுவலகத்துக்கு வழி கேட்டுக் கேட்டு, கடைசியில் மகளிர் விடுதி வாசலில் போய் நின்ற எங்கள் புதிய துணைவேந்தருமான ஐயா அவர்களே! சிரிக்காதீர்கள், அவரே என்னிடம் சொன்னதுதான். வரைபடம் என்றாலே வல்லுநர்கள் வாயில் முதலில் வரும் பெயருக்கு உரியவரும், இன்றைய சிறப்பு விருந்தினருமான பேராசிரியர் ஐயா அவர்களே! என் ஆய்வேட்டை அடித்துத் திருத்தி, அதைவிட அதிகமாக என்னை அடித்துத் திருத்திய என் நெறியாளர் அம்மா அவர்களே! வளாகப் பொறியாளர் தம்பி அவர்களே! ஆன்றவிந்தடங்கிய பெரியோர்களே, அன்பு மாறாத தாய்மார்களே, அடுப்பை அணைக்காமலே ஓடி வந்திருக்கும் விடுதிச் சமையல் அக்காமார்களே, மாணவச் செல்வங்களே! முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு "சீக்கிரம் முடி" என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் என் வீட்டுக்காரர் அவர்களே! அனைவருக்கும் இந்த மாலை நேரத்து மகிழ்ச்சி வணக்கம்.

இதோ என் இடப்பக்கம், பட்டுத் திரைக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு மேல் ஒரு பலகை நிற்கிறது. அதில் நம் பல்கலைக்கழகம் முழுவதும் வரையப்பட்டிருக்கிறது. முகப்பு வாசலுக்கு முதன்முதலாக வரும் வழிகாட்டிப் பலகை! திரையின் கயிறு என் கையில் இருக்கிறது. பேசிவிட்டு இழுக்க வேண்டியது என் வேலை. காலையிலேயே பொறியாளர் தம்பி எச்சரித்துவிட்டார்: "மேடம், பலகையைத் தொட்டுடாதீங்க, பெயின்ட் இன்னும் காயலை."

தொடவில்லை தம்பி. ஆனால் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். பார்த்த நேரத்திலிருந்து எனக்கு மனசு சரியில்லை. விளையாட்டு மைதானத்தின் தென்கோடியில் இரண்டு பெரிய மரங்கள் நிற்கின்றன அல்லவா? பலகையில் அந்த இடத்தில் மரங்கள் இல்லை. அங்கே 'வாகன நிறுத்தம்' என்று எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் வெட்டப்போகிறார்களாம். அவையோர்களே, அந்த மரங்கள் எனக்கு வேண்டும். அது ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் இந்தக் கயிற்றை இழுப்பேன். என்ன ஐயா, தலைவர் ஐயா, அனுமதி உண்டா? தலையசைக்கிறார். தப்பித்தேன்!

நம் வளாகத்தை எண்ணிப் பாருங்கள். முகப்பு வாசலில் நுழைந்தால் நிமிர்ந்து நிற்கும் நிர்வாக மாளிகை. அதன் பின்னே நூறு கைகள் புரட்டினாலும் நூல் குறையாத நூலகம். நூலகத்தைச் சுற்றி வட்டச் சாலை. வட்டத்திலிருந்து வடக்கே போனால் அறிவியல் துறைகள், கிழக்கே போனால் விடுதிகள், தெற்கே மைதானம், மேற்கே மேட்டின் மேல் விண்மீன் பார்க்கும் வெள்ளைக் குவிமாடம். இவ்வளவுதான். ஒரு குழந்தைகூட வரைந்துவிடும். வரைவது சுலபம், வந்து சேருவதுதான் கஷ்டம்! ஏன் கஷ்டம்? நம் ஆட்களிடம் வழி கேட்க வேண்டியிருக்கிறதே, அதனால் கஷ்டம்!

நம் ஆட்கள் எப்படி வழி சொல்வார்கள்? 'மணிக்கூண்டுல திரும்புங்க' என்பார்கள். மணிக்கூண்டு எங்கே இருக்கிறது? கூண்டு இருக்கிறது. மணி பழுது பார்க்கப் போனது, போனதுதான். 'பாலம் தாண்டி' என்பார்கள். பாலம் எங்கே? வாய்க்காலை மூடிச் சாலை போட்டு, அந்தச் சாலையும் பள்ளமாகிவிட்டது. 'புதுக் கட்டடம்' என்பார்கள். இந்த வளாகத்திலேயே வயசான கட்டடம் அதுதான், மழை வந்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும்! 'பழைய கேண்டீன்' என்பார்கள். அச்சகத்துக்குப் பக்கத்தில் வெறும் பொட்டல் கிடக்கிறது, செங்கல் ஒன்றுகூட இல்லை. இடித்தபோது இங்கிருக்கும் மாணவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஆனாலும் என்ன சொல்கிறீர்கள்? அதோ, பின்வரிசையில் ஒரு குரல் சொல்கிறது பாருங்கள், "பழைய கேண்டீன்ல பார்ப்போம் மச்சான்!" இல்லாத இடத்தில் எப்படியடா பார்ப்பீர்கள்? பார்த்துவிடுகிறார்களே, அதுதான் அதிசயம்!

இப்போது கதைக்கு வருகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் நான் புவியியல் துறையில் ஆய்வு மாணவி. ஆறுகள் ஏன் தடம் மாறுகின்றன என்பது என் ஆய்வு. ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது, வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. வெளியூரிலிருந்து தேர்வாளர் வரவேண்டும். வந்து, கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மாலை ரயிலில் கிளம்பி மறுநாள் வெளிநாடு போகிறார். திரும்பி வர ஒரு வருஷம். துறையில் ஒரு விரிவுரையாளர் இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பட்டம் இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. ஆகவே அன்று அந்த மனிதர் வந்தால் எனக்கு வாழ்வு. வராவிட்டால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து "இன்னும் படிப்பு முடியலையா?" என்று கேட்கும் சித்திமார்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்!

காலை முழுவதும் காத்திருந்தோம். நாற்காலி போட்டாயிற்று, தண்ணீர் வைத்தாயிற்று, ஆள் வரவில்லை. மதியம் ஆயிற்று, வரவில்லை. என் நெறியாளர் அம்மா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்கள். "அம்மாடி, நீ போய்ப் பாரு. மனுஷன் வாசல் வரைக்கும் வந்துட்டாராம், காவலர் சொல்றார்" என்றார்கள். ஓடினேன் பாருங்கள், ஓட்டப் பந்தயத்தில்கூட அப்படி ஓடியதில்லை.

வந்தவர் முகப்பு வாசலில் வரவில்லை, கிழக்கு வாசலில் பேருந்தை விட்டு இறங்கியிருக்கிறார். அங்கே இருந்த காவலர் அண்ணனைப் பிடித்தேன். "ஆமாம்மா, பழுப்பு நிறப் பை வெச்சிருந்தார். புவியியல் துறை எங்கேன்னு கேட்டார். நேரா போங்க, இரட்டை மரம் வரும், அங்கே இடது பக்கம் திரும்புங்கன்னு தெளிவா சொன்னேனே!"

தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் இரட்டை மரம் எங்கே? விடுதிச் சாலை முனையில் ஒரு காலத்தில் இரண்டு மரங்கள் இருந்தனவாம். ஒரு புயலில் இரண்டும் விழுந்தன. அது அந்தக் காவலர் வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயே! அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த முனையை அப்போது நாங்கள் எல்லோரும் இரட்டை மரம் என்றுதான் சொல்வோம்.

அடுத்து விடுதிச் சமையற்கூடத்து வாசலில் அக்காவைக் கேட்டேன். இதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறார்களே, அவர்கள்தான். "வந்தாரு பாப்பா. மரம் எங்கேன்னு கேட்டாரு. தாண்டி வந்துட்டீங்களே சார்னு திருப்பி அனுப்புனேன். பாவம், டீ குடிங்கன்னேன், நேரமாச்சுன்னு போயிட்டாரு." திரும்பப் போயிருக்கிறார். அங்கே மரம் இல்லை. மறுபடி ஒருவரைக் கேட்டிருக்கிறார். அவர் யார்? வேதியியல் துறையின் ஆய்வு மாணவர், வெள்ளைக் கோட்டு, விறைப்பான நடை. அவரையும் ஓடிப்போய்ப் பிடித்தேன். "நான் கரெக்டாதான் சொன்னேன்! மணி பார்த்துக்கிட்டே போங்க, மணிக்கூண்டுல வலது பக்கம்னு சொன்னேன்" என்றார். மணியே இல்லாத கூண்டில் மணி பார்க்கச் சொன்ன அந்த மகானைத்தான் பின்னாளில் நான் கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது கடிகாரத்தைத் தட்டுங்கள் பார்ப்போம்!

ஐயையோ, என்ன செய்வேன்! வட்டச் சாலையின் ஓரத்தில் நின்றுவிட்டேன். அழுகை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அழுதேன். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லையே! எல்லோரும் அக்கறையாக, அன்பாக, கையை நீட்டிக் காட்டித்தானே சொல்லியிருக்கிறார்கள்? அப்புறம் ஏன் அந்த மனிதர் வந்து சேரவில்லை?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நானும் இத்தனை நேரம் அவரை எங்கே தேடினேன்? இரட்டை மரம் என்றதும் விடுதி முனைக்கு ஓடினேன், மணிக்கூண்டு என்றதும் கூண்டுக்கு ஓடினேன். எனக்குத் தெரியும், ஓடினேன். அவருக்குத் தெரியாதே! இரட்டை மரம் என்று சொன்னால் அவர் எதைத் தேடுவார்? இரண்டு மரத்தைத்தானே தேடுவார்! இந்த வளாகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெரிய மரம் உண்மையாகவே எங்கே நிற்கிறது?

மைதானத்தின் தென்கோடி! எடுத்தேன் ஓட்டம். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களின் நடுவே புகுந்து ஓடினேன். திட்டினார்கள், காதில் வாங்கவில்லை. அங்கே, அந்த இரண்டு மரங்களுக்கு நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, பழுப்பு நிறப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, என் ஆய்வேட்டைப் படித்துக்கொண்டிருந்தார் ஐயா. ஆமாம், இதோ மேடையில் இருக்கும் இதே ஐயாதான். வரைபடங்களைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதிய வல்லுநர், எங்கள் வளாகத்தில் வழி தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்!

நிமிர்ந்து பார்த்தார். "இரட்டை மரம் இதுதானேம்மா? இடது பக்கம் திரும்பினா சுவர்தான் வருது" என்றார். நான் சிரிப்பதா அழுவதா? இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

துறைக்கு நடந்துபோக நேரம் இல்லை, ரயிலைப் பிடிக்க வேண்டும். "எல்லாரையும் இங்கேயே வரச் சொல்லும்மா. தேர்வு பொதுவில் நடக்கணும், அவ்வளவுதானே விதி? கூரை இருக்கணும்னு விதி இல்லையே" என்றார். என் நெறியாளர் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார்கள். துறைத் தலைவர் மூச்சிரைக்க வந்தார். விளையாடியவர்கள் பந்தை விட்டுவிட்டு வந்து புல்லில் உட்கார்ந்தார்கள். மரத்தடியில், மைதானத்தின் ஓரத்தில், என் வாய்மொழித் தேர்வு தொடங்கியது!

என்னென்னவோ கேட்டார், சொன்னேன். கடைசிக் கேள்வியை மட்டும் நான் மறக்கவில்லை. "ஆறு இடம் மாறிப் போயிடுது. நீங்களே எழுதியிருக்கீங்க. ஆனா தண்ணி இல்லாத அந்தப் பழைய இடத்தை ஜனங்க இன்னும் ஆத்தங்கரைன்னுதானே சொல்றாங்க. ஏன்? அவங்களுக்குத் தெரியாதா?"

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அன்று மதியத்திலிருந்து நான் ஓடிய ஓட்டத்தில்தான் பதில் இருந்தது. "தெரியும் சார். நல்லாத் தெரியும். ஆனா அங்கேதான் அவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஆறு போயிடுச்சுன்னா, அந்தப் பழக்கமும் போயிடணுமா?" என்றேன். ஐயா பையிலிருந்து பேனாவை எடுத்து, மரத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பட்டை சொரசொரப்பு அந்தக் கையெழுத்தில் இன்னும் தெரிகிறது. எனக்கு வேலை கிடைத்தது. சித்திமார்களுக்குப் பேச்சு நின்றது!

அவையோர்களே, அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தக் கதை விடுதிக்கு விடுதி பரவியது. மாணவர்கள் மைதானத்து மரங்களை இரட்டை மரம் என்று சொல்லத் தொடங்கினார்கள். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்துவிட்டால், முதல் நாள் மாலை அங்கே போய் உட்கார்வது இன்று வரை வழக்கம். நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து கிண்டல் கேள்வியாகக் கேட்டுத் தள்ளுவார்கள், பயம் பறந்துபோகும். உட்கார்ந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா! எத்தனை கைகள்! பொறியாளர் தம்பி, உங்கள் கையும்தானே தூக்கியிருக்கிறது?

மரம் இல்லாமல் அலைந்துகொண்டிருந்த ஒரு பெயர், தனக்கு இரண்டு மரத்தைத் தேடிக்கொண்டது. இந்த வளாகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரே பெயர் அதுதான்! மணியில்லாத மணிக்கூண்டு நமக்குப் போதாதா? பாலமில்லாத பாலம் போதாதா? மரமில்லாத இரட்டை மரம் மறுபடியும் ஒன்று வேண்டுமா? நீங்கள் வெட்டினாலும் எங்கள் பிள்ளைகள் அதை இரட்டை மரம் என்றுதான் சொல்வார்கள். இன்னொரு தேர்வாளர் வருவார், இல்லாத மரத்தைத் தேடுவார். அவர் உட்கார எங்கே நிழல் இருக்கும்? வண்டிக்கு இடம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மனிதர் உட்காரவும் இடம் வேண்டும். தலைவர் ஐயா, இந்தக் கயிறு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது.

என்ன சொல்கிறீர்கள் ஐயா? ஒலிபெருக்கி இல்லாமல் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லிவிடுகிறேன். தலைவர் சொல்கிறார்: "மரம் இருக்கட்டும் மேடம். வண்டியெல்லாம் பழைய கேண்டீன்ல விட்டுக்கலாம்."

கைதட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் ஐயா, ஒரு நிமிஷம். என்ன சொன்னீர்கள்? பழைய கேண்டீனா? நீங்கள் வந்து ஒரு வருஷம் ஆகவில்லையே! அந்தக் கேண்டீனில் ஒரு வாய்க் காப்பி குடித்திருப்பீர்களா? அதன் ஒரு செங்கல்லைப் பார்த்திருப்பீர்களா? மகளிர் விடுதி வாசலில் வழி தெரியாமல் நின்றவரா இப்படிப் பேசுகிறார்! அவையோர்களே, நம் துணைவேந்தர் நம்மவர் ஆகிவிட்டார்!

பொறியாளர் தம்பி, பெயின்ட் காயவில்லை என்றீர்களே, நல்லதாகப் போயிற்று. தூரிகையோடு மேலே வாங்க. 'வாகன நிறுத்தம்' என்பதை அழித்துவிட்டு 'இரட்டை மரம்' என்று எழுதுங்கள். அப்படியே அச்சகத்துக்குப் பக்கத்தில் 'பழைய கேண்டீன்' என்றும் எழுதிவிடுங்கள், துணைவேந்தர் உத்தரவு!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்களுக்கும், அழைத்தவர்களுக்கும், அன்று என்னைத் தேடி வந்து தொலைந்துபோன ஐயாவுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. ஐயா, கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அக்கா அன்றைக்குக் கொடுக்க நினைத்த டீயை ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கே வர வேண்டும் என்று உங்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. இதோ, கயிற்றை இழுக்கிறேன். வணக்கம்!