பதினோரு குட்டிகளின் முன்னங்கால்கள்

குளம்பைச் சீவினால் குதிரைக்கு வலிக்காது. நாம் நகம் வெட்டிக்கொள்வது போலத்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று என் அரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். முப்பத்தொரு வருஷமாக நான் லாடக்காரன். என் மடியில் கால் வைத்த ஒரு குதிரைகூட வலியால் துள்ளியதில்லை.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். வாயால் சொல்வதைவிட இது எனக்கு வசதி. நான் பேச ஆரம்பித்தால் யாராவது சிரித்துவிடுகிறார்கள்.

நீங்கள் குதிரைச் சங்கத்து அதிகாரி என்றாலும், மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர் என்பதால் ஒன்றை விளக்க வேண்டியிருக்கிறது. பந்தயத்தில் ஜெயித்த குதிரை நல்ல தகப்பனாகவும் இருக்கும் என்று நம்புகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். ஓடி ஜெயித்தது அவன் கால். குட்டிக்குப் போவது அவன் ரத்தம். அந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது அவனுடைய முதல் வருஷக் குட்டிகள் பிறந்து, வளர்ந்து, ஆறு மாதத்தில் நான்கு காலையும் ஊன்றி நிற்கும்போதுதான் தெரியும். அவை நேராக நின்றால் ஊரில் உள்ள பண்ணையெல்லாம் தங்கள் பெண்குதிரைகளை அவனிடம் அனுப்பும். கோணலாக நின்றால் அதோடு அவன் கதை முடிந்தது. இரண்டாவது வாய்ப்பு என்பதெல்லாம் மனிதர்களுக்கு.

எங்கள் பண்ணையில் இனவிருத்திக்கென்றே இருபது வருஷமாக இருந்த பொலிகுதிரையை லாயத்தில் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அதை வாங்கும்போது முதலாளியம்மாவின் கணவர் என்னைத்தான் கேட்டார். நான் காலைத் தூக்கிப் பார்த்து, தலையாட்டினேன். அவ்வளவுதான் பேச்சு. பெரியவர் செத்த பிறகு புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பண்ணை டாக்டருக்குப் போனது. அவர் என் மருமகன். என் ஒரே மகளைக் கட்டியவர். படித்தவர். சிரித்த முகம். அவரைப் பற்றி என்னிடம் வேறு குறை எதுவும் இல்லை.

அவர் கொண்டுவந்தது நாலு வயது கறுப்புக் குதிரை. ஐந்து பந்தயத்தில் நான்கு ஜெயித்து, தசைநார் கிழிந்து ஓய்வுக்கு வந்தவன். லாயக்காரர்கள் அவனுக்குச் சின்னவர் என்று பேர் வைத்தார்கள். வண்டியிலிருந்து இறக்கிய அன்று முதலாளியம்மா, டாக்டர், லாயக்காரர்கள் எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். அவன் இரண்டு சுற்று நடந்தான். நான் சொன்னேன்.

"இடது முன்னங்கால் வெளியே திரும்புது. குட்டிங்க எல்லாம் அந்தக் காலோடதான் வரும்."

"எங்க மாமா திரும்புது? எனக்குத் தெரியலையே."

"தெரியாது மாப்ளே. அதுக்குக் கண்ணு வேணும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இந்தக் காகிதத்துக்கே வேலை இருந்திருக்காது. முதலாளியம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் பொண்ணு பாக்க வந்தப்பவும் மாமா என் மூஞ்சிய பாக்கலம்மா. காலைத்தான் குனிஞ்சு குனிஞ்சு பாத்தார். நல்லவேளை, பல்லைப் பிடிச்சுப் பாக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சந்தேகம் கேட்க மட்டும் என்னிடம் வருகிற லாயக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் மருமகன் இன்னொன்றும் சொன்னார். "இவன் குட்டிங்க நேரா நிக்கலேன்னா நான் இந்த வேலையே வேண்டாம்னு போயிடறேம்மா." பந்தயம் கட்டியது அவர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் எங்கள் பண்ணையில் சின்னவருக்குப் பதினோரு குட்டிகள் பிறந்தன. ஒவ்வொன்றும் எழுந்து நின்ற அன்றே போய்ப் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தன.

பிறந்த குட்டி நேராக இருப்பது ஒரு அத்தாட்சியே அல்ல. குறை உள்ளே இருக்கும், பிறகுதான் வெளியே வரும். என் முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இதெல்லாம் புரியாது. பதினோரு குட்டிகளையும் புல்வெளியில் பார்த்துவிட்டு முதலாளியம்மா மருமகனின் தோளைத் தட்டினார். "உங்க மாமாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு போல" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கிழட்டுக் குதிரையின் முன்னால் அதன் வயதைப் பேசுவது போலப் பேசினார்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். குதிரைக்கு அந்தக் கணக்கு மாதத்தில் வரும். முதல் நான்கைந்து மாதம் குட்டியின் கால் எலும்பு பச்சை மண். குளம்பு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பாரம் விழும். பாரம் விழுகிறபடி எலும்பு வளரும். இதனால்தான் பிறவிக் கோணலை நல்ல லாடக்காரன் அரத்தால் நேராக்க முடியும். பதினாறு குட்டிகளை நான் அப்படி நேராக்கியிருக்கிறேன். அதற்காக யாரும் என் தோளைத் தட்டியதில்லை.

அதே அரம்தான். இரண்டு முன்னங்காலிலும் உள்பக்கத்தை ஒரு நகக்கனம் கூடுதலாகத் தேய்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பதினோரு குட்டிகளுக்கும். இடது காலுக்குக் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் நான் சொன்னது இடது கால். குட்டிகள் சமர்த்தாக நின்றன. சில என் சட்டைப் பையை மோந்து பார்க்கும். நான் எதையும் உடைக்கவில்லை, குத்தவில்லை, மருந்து வைக்கவில்லை. அவற்றின் ரத்தத்தில் இருந்ததைச் சீக்கிரம் வெளியே வரும்படி செய்தேன். எப்படியும் வரப்போகிறதுதானே.

மூன்றாவது மாதம் மருமகன் என்னைத் தேடி வந்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றுதான் பார்த்தேன்.

"மாமா, குட்டிங்க கால் லேசா வெளிய போற மாதிரி இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாத்துக்கும்."

"அப்படியா?"

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்க. நான் கேக்கல. மன்னிச்சிடுங்க மாமா. சீவறதுல ஏதாவது பண்ணி நேராக்க முடியுமா? டாக்டர் படிப்புல இதுக்கு ஒண்ணும் இல்ல. இனி உங்க கைதான்."

"பாத்துக்கறேன் மாப்ளே. நீங்க கவலைப்படாம போங்க."

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டாரே, அப்புறம் என்ன என்று. நிறுத்தியிருந்தால் கால் பாதியில் நின்றிருக்கும். கொஞ்சம் கோணல், கொஞ்சம் நேர். பார்க்கிறவர்கள் குழம்பியிருப்பார்கள். அந்தக் குதிரையைப் பற்றி உலகத்துக்கு அரைகுறையான செய்தி போயிருக்கும். நான் எந்த வேலையையும் அரைகுறையாக விட்டவன் இல்லை. அதன்பிறகு வாரம் ஒரு முறை சீவினேன். மருமகன் தானே குட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் முழுக்க என் முகத்தில்தான் இருந்தது, குளம்பில் இல்லை.

நாலாவது மாதம் நெற்றியில் வெள்ளை உள்ள பெட்டைக்குட்டி தாயோடு ஓடும்போது கால் ஒடிந்து விழுந்தது. கோணல் காலில் பாரம் ஒரே பக்கம் இறங்கினால் அப்படி ஆவதுண்டு. ஒடிந்த காலுக்கு இந்தத் தொழிலில் ஒரே வைத்தியம்தான், உயிரை முடிக்கிற ஊசி. மருமகன் அதைப் போட்டுவிட்டு, அதன் கழுத்தின் மேல் முகம் வைத்து அழுதார். டாக்டர்கள் அழக் கூடாது. தாய்க்குதிரை இரண்டு நாள் வேலியோரம் கத்தியது, பிறகு மறந்துவிட்டது.

ஆறாவது மாதம் முதலாளியம்மா ஒரு நிபுணரை வரவழைத்தார். பொலிகுதிரைகளைக் குட்டிகளைக் கொண்டு எடைபோடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். சட்டைப் பையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. கல் தரையில் பத்துக் குட்டிகளையும் வரிசையாக நிறுத்தினோம். முன்னால் போய்ப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுப் பார்த்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். பத்துக் குட்டிகள், இருபது முன்னங்குளம்புகள். அந்த மேதாவி ஒரு காலைக்கூடத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால், உள்பக்கம் ஒரு உயரம் வெளிப்பக்கம் ஒரு உயரம் என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும். கால் கோணல் என்றால் தகப்பனைப் பார். இதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாடம். குனிந்தால் கால்சட்டை அழுக்காகிவிடும் என்று ரத்தத்தைக் குறை சொல்லிவிட்டுப் போகிற ஜாதி.

"அப்பனைக் கொண்டாங்க" என்றார்.

சின்னவரை நடத்தினார்கள்.

"அதோ பாருங்கம்மா, இடது கால். அச்சு அசலா அதேதான் குட்டிங்களுக்கு வந்திருக்கு. இதை வாங்கும்போது யாரும் பாக்கலையா?"

"எங்க லாடக்காரர் சொன்னார்" என்றார் முதலாளியம்மா. "நாங்கதான் கேக்கல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சின்னவரின் இடது காலைப் பார்த்தேன். அது வெளியே திரும்புவதை அன்றைக்குத்தான் நானே அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன்.

கோணல் குட்டி போடுகிறவன் என்ற பேர் வந்தபின் ஒரு பொலிகுதிரைக்குப் போக இடமில்லை. காயடித்து யாராவது சவாரிக்கு வைத்துக்கொள்ளட்டுமே என்று மருமகன் கெஞ்சினார். கிழிந்த தசைநாரோடு ஆளைச் சுமக்க மாட்டான் என்றார் கண்ணாடிக்காரர். முதலாளியம்மா யோசித்துவிட்டு, வேண்டாம், முடித்துவிடுங்கள் என்றார். வெளியாள் கை படக் கூடாது என்று ஊசியை மருமகனே எடுத்துக்கொண்டார். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். காலை வெயில் லாயத்துக்குள் பாதிவரை வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குளம்பு சீவத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, சின்னவர் பழக்கத்தில் தன் இடது காலைத் தூக்கிக் கொடுத்தார்.

"வேணாம்டா, இன்னைக்கு இல்ல" என்று சொல்லிக் காலைக் கீழே வைத்தேன். நல்ல குளம்பு. அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

சொன்ன வாக்குப்படி மருமகன் வேலையை விட்டார். புதிய வேலை கிடைக்கும்வரை மகளும் அவரும் குழந்தையோடு என் வீட்டில் இருந்தார்கள். அவர் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். பேரன் அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தான். சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தத்தித் தத்தி வந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவன் இடது கால் வெளிய போகுதும்மா. அவங்க அப்பன் கால்."

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எல்லாக் குழந்தையும் அப்படித்தான்பா நடக்கும்."

"எலும்பு பச்சையா இருக்கும்போதே சரி பண்ணிடலாம். செருப்புக்கு அடியில ஒரு பக்கம் நகக்கனம் தேச்சு விட்டா போதும். பாரம் அந்தப் பக்கம் விழும். எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பலாம். மூணே மாசம். யாருக்கும் தெரியாது."

"எந்தப் பக்கம் வேணும்னாலுமா?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும்."

என் தொழிலைப் பற்றி என் வீட்டில் ஒருவர் கேள்வி கேட்பது அபூர்வம். அதனால் அரத்தை எடுத்துவந்து, எந்த ஓரத்தில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்றுகூடக் காட்டினேன். அவள் மடித்த துணியை அப்படியே வைத்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனாள். லாடக்காரன் மகள், பத்துக் குட்டிகளின் காலையும் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அந்த நிபுணருக்கு இல்லாத புத்தி அவளுக்கு இருந்தது. திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க அவளுக்கு மேலப்பா. கூடத்தையே கோணலாக்கிட்டீங்க."

குழந்தையின் இரண்டு பாதங்களையும் தன் உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தாள். என் பார்வை படக் கூடாதாம்.

ஆமாம். பதினோரு குட்டிகளின் முன்னங்கால்களையும் நான்தான் திருப்பினேன். ஒன்று செத்தது, பத்து இனி ஓடாது. சின்னவரின் சாவும் என் அரத்தால் வந்ததுதான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இன்று காலை நீங்கள் ஒரு புகைப்படத்தை என் முன்னால் வைத்தீர்கள். அந்த முதல் வருஷ இணைசேர்க்கும் பருவத்தின் கடைசியில் வெளிப் பண்ணையிலிருந்து ஒரு பெண்குதிரை சின்னவரிடம் வந்து போனதாம். அதன் குட்டி அங்கேயே பிறந்ததாம். என் கை படாத பன்னிரண்டாவது குட்டி. இரண்டு மாதம் ஆகிறது. நூல் பிடித்தது போல நேராக நிற்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டீர்கள்.

இரண்டு மாதக் குட்டியின் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறவரிடம் நான் என்ன சொல்வது? எலும்பு இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். என்னையும் என் அரத்தையும் மூன்று மாதம் அந்தப் பண்ணைக்கு அனுப்பிவையுங்கள். அதன் தகப்பன் எப்படிப்பட்டவன் என்று காட்டிவிடுகிறேன்.