மூன்று ஷிஃப்டில் படித்த புத்தகம்

"கல்வி வரைக்கும்தான் என் பொறுப்புக்கா. அரசியல செல்வம் பார்த்துக்கினான்."

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சாம்பியன் ரீப்ஸ் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டிலிருந்து இந்தப் பேச்சு கேட்டது. சொன்னவர் சலவை வேட்டி கட்டிய சுரங்கத் தொழிலாளி. பக்கத்தில் பூவும் பழமுமாக அவருடைய அக்கா. தம்பியின் மடியில் கல்வி, அரசியல், சமூகம் என்று மூன்று பாகமுள்ள தடித்த ஆய்வு நூல். பெண் பார்க்கப் போகிறார்கள். பெண் டீச்சராம். மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டு வரட்டும், பேசிப் பார்க்கிறேன் என்று கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"இன்னாடா, முழுசா படிக்கலியா?"

"படிச்சாச்சுக்கா, ஷிஃப்ட் போட்டு. பகல்ல நான், சாயங்காலம் செல்வம், ராத்திரி அந்தோணி, எல்லாம் எங்கூட வேல செய்றவனுங்கதான். ஒருத்தன் விட்ட எடத்துல அடுத்தவன் புடிச்சிக்கினான். சுரங்கத்துக்குள்ள பாறைய மட்டும் ஒரே ஆளாவா ஒடைக்கிறோம்?"

"அதுக்குன்னு மூணு பேரையுமாடா அவ கட்டிக்குவா?"

அதே நூலை நான் தனியாளாகப் படித்து முடித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்; பங்கு போட்டுப் படிக்க வேறு ஆளில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"சரி, அரசியல் கேட்டா?"

"யோசிச்சு அடுத்த வாரம் வந்து சொல்றேங்கன்னுவேன். அதுக்குள்ள செல்வத்தக் கேட்டுக்குவேன்."

"சமூகம்?"

"அந்தோணியோடது. அதுக்கு அடுத்த வாரம்."

அக்கா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

"போடா, ஜெயிச்ச! ஒரு பொஸ்தவத்துக்குப் பதில் சொல்ல மூணு வாட்டி வூடு தேடி வர்றவன எந்த டீச்சர் வேணாம்னுவா?"