வெண்டைக்காய் நஷ்டம்

...குடுத்தாங்கம்மா, எல்லாருக்கும் குடுத்தாங்க. அந்தா, வேலிக்கு அந்தப் பக்கம் மாடு வச்சிருக்கான் பாருங்க, தொப்பிக்காரன், அவனுக்குக் கொரோனா நிவாரணம் வந்தாச்சு. எதிர்ல தர்பூசணி போட்டவளுக்கு வந்தாச்சு. எனக்கு மட்டும் இல்ல. ஏன், வெண்டைக்காய்னா கவர்மென்டுக்கு எளக்காரமா?

பவதாரணின்னுதானே சொன்னீங்க? ரவுண்ட் ராக் டவுனுக்குப் புதுசு... ம். அத எடுக்காதீங்க, முத்தல். நுனிய ஒடிச்சுப் பாக்கணும். அதுக்காக எல்லாத்தையும் ஒடிச்சா எப்படிம்மா.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஹில்க்ராஃப்ட். ஹூஸ்டன்ல அந்தத் தெரு ஹோட்டல் அத்தனைக்கும் இந்த செல்வமணி காய்தான். வாரம் ஒரு வேன் போகும். கொரோனான்னு பூட்டினவங்க இன்னும் பாதிப் பேர் தெறக்கல. அது செடிக்குத் தெரியுமா? காய்ச்சுத் தள்ளுது. பறிச்சுப் பறிச்சு ஆட்டுக்குப் போட்டேன். இப்ப ஆடு என்னப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்குது. எங்க வீட்டுக்காரர் சந்தானம் இருக்காரே, "மோர்க்குழம்பா வச்சுக் குடுத்துப் பாரு"ங்கிறார். போன மாசம் அவரையும் வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, கிண்டலுக்கு மட்டும் கொறச்சலில்ல. நிவாரணம் வரலேன்னா இந்த நெலத்தத் தொப்பிக்காரன்கிட்டயே வித்துட்டு அபார்ட்மென்டுக்குப் போகணும்மா. நெசமாத்தான் சொல்றேன்.

நிவாரண ஆபீஸ்ல தப்பா? சேச்சே, ஆபீஸ்ல ஒரு தப்பும் இல்ல. ஆஷ்லின்னு ஒரு பொண்ணு, தங்கமான பொண்ணு. போன் பண்ணி, "கொரோனாவால உங்க பண்ணைக்கு நஷ்டம் உண்டா?"ன்னு அழகாத்தான் கேட்டுச்சு. எனக்குக் கையெல்லாம் மண்ணு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எதிர்ல யாரு? டாலஸ் பக்கத்துல காப்பெல்ங்கிற ஊர்லேந்து வந்த சம்பந்தியம்மா. அதாவது அன்னைக்கு இன்னும் ஆகல. எங்க பையன் ஆதர்ஷுக்கு அவங்க பொண்ணு மதுஷாவப் பேசிட்டிருந்தோம். ஆறடி தள்ளி நாற்காலி போட்டு, மாஸ்க் மாட்டின காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க.

நீங்களே சொல்லுங்க. சம்பந்தம் பேச வந்த எடத்துல வாயத் தெறந்து நஷ்டம்னு சொல்ல முடியுமா?

"நோ லாஸ். டபுள் பிசினஸ்"னுட்டேன்.

பாவம், ஆஷ்லி, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னுச்சு. அந்தம்மா காப்பிய வாய்கிட்ட கொண்டுபோய் அப்படியே நிறுத்திட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்... "நெக்ஸ்ட் இயர் ட்ரிபிள்"னேன்.

சம்பந்தம் கூடிடுச்சு, அது சந்தோஷம்தான். போகும்போது அந்தம்மா, "உங்களுக்கென்ன, கொரோனா முடியட்டும், டாலஸ்ல கல்யாணத்த ஜாம்ஜாம்னு வைப்போம், செலவு பாதி பாதி"ன்னாங்க. நான் ஜூம்லயே தாலி கட்ட வச்சிடலாம்னு இருந்தவ.

அப்புறம் ஆஷ்லிகிட்ட அழாத கொறையாப் பேசினேன். "மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு இன்னொரு தடவ கூப்பிடறேன், நஷ்டம் உண்டுன்னு உங்க வாயால சொன்னாப் போதும்"னுச்சு. சம்பந்தியம்மாதான் ஊருக்குப் போயாச்சே, இனி எனக்கென்ன பய... இருங்க, போன். ஆஷ்லியேதான். ஸ்பீக்கர்ல போடறேன், கையப் பாருங்க, ஒரே மண்ணு.

ஹலோ ஆஷ்லி... யெஸ், செல்வமணி ஸ்பீக்கிங்... லாஸா? லாஸ் வந்து...

பவதாரணி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கம்மா... இல்ல, காதையும் பொத்திக்கோங்க. உங்ககிட்ட பொலம்பறது வேற, உங்கள வச்சுக்கிட்டு அதிகாரிகிட்ட ஒத்துக்கறது வேற... ரவுண்ட் ராக்ல எத்தன தமிழ்க் குடும்பம்... ஸாரி ஆஷ்லி, ஒன் மினிட்... லாஸ்னா, அது... நோ, நோ, நோ. எவ்ரிதிங் சூப்பர். கஸ்டமர் க்யூல நிக்கறாங்க...

போன வச்சிருச்சு.

ஏம்மா, அப்பவே மெதுவா நழுவிப் போயிருக்கக் கூடாதா நீங்க? ...என்னது, எவ்வளவா? அட, சும்மா கொண்டு போங்க. நமக்கென்ன கொறச்சல்.