தடுத்ததற்குச் சாட்சி இல்லை

காய்ச்சல்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் நான் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா?" என்றுதான். நோயைப் பற்றிக் கேட்டால் மிரண்டுவிடுவார்கள். சோற்றைப் பற்றிக் கேட்டால் யார் ஆக்கியது, யார் ஊட்டிவிட்டது, யார் பக்கத்தில் படுத்தது எல்லாம் தானாக வந்துவிடும். தொற்றுநோய் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கண்டுபிடித்து மறிப்பதுதான் விழுப்புரம் மாவட்டத்தில் என் வேலை. அதை நன்றாகவே செய்தேன், ஐயா. அதுதான் சிக்கல்.

போன வருடம் மயிலம் பக்கத்து ஊரொன்றில் ஒரு பெண்ணுக்கு இப்போது பரவுகிற இதே காய்ச்சல் வந்தது. வௌவாலிடமிருந்து வருவது. மூளையைத் தாக்கும். எச்சில், இருமல் வழியாகப் பணிவிடை செய்கிறவர்களையே முதலில் பிடிக்கும். பிடித்தால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. அன்றைக்கே தெருவை அடைத்தேன். அந்தத் தெருவில் நடக்க இருந்த ஒரு கல்யாணத்தை நிறுத்தினேன். அவளும் பிழைத்தாள், வேறு ஒருவருக்கும் வரவில்லை. கல்யாணப் பெண்ணின் வீட்டார் என் ஜீப்பின் மேல் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். தனி வார்டும் மூச்சுக் கருவிகளும் கேட்டு மேலதிகாரியிடம் போனேன்.

"என்னம்மா நீங்க, ஒருத்தரும் சாவல. இதுக்குப் போயி ஊரையே பேஜாராக்கிக்கினு" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மறித்துவிட்ட நோய் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததற்கு எவர் வார்டு கட்டுவார்?

இந்த வருடம் கண்டாச்சிபுரத்துக்குத் தெற்கே குமரேசன் படுத்தார். சொந்த நிலத்தில் வேர்க்கடலை போட்டிருந்தவர். "தல வெடிக்கிற மாரி இருக்குது டாக்டரம்மா. மல்லாட்ட புடுங்கற நேரம். ஜல்தியா எழுப்பி வுட்டுடுங்க" என்று சிரித்தார். தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினேன். முடிவு முதலில் எனக்குத்தான் வரும். மேலே சொல்ல வேண்டியவள் நான். அதே காய்ச்சல்தான் என்று வந்தது. நான் சொல்லவில்லை.

அவர் மனைவி கலைமதி, "முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடலாமாங்க?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. சாதாரணக் காய்ச்சல்தான். வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க."

"நீங்க சொன்னா சரிங்க."

அவள் அவருக்குக் கேப்பைக் கூழ் ஊட்டினாள். வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமரேசன் இறந்த அன்று சொந்தங்கள் எல்லாம் கூடிவிட்டன. குளிப்பாட்டும் முன் கலைமதி என்னிடம் வந்தாள்.

"கிட்ட போவலாமாங்க? ஒண்ணும் ஆவாதே? நீங்க மூஞ்ச மூடிக்கினு இருக்கிறிங்களே."

"எனக்குச் சளிம்மா. உங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான். நீங்க போங்க."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மகள் ஆர்த்தி அப்பாவின் நெற்றியில் முகத்தை வைத்து அழுதாள். குமரேசனின் தம்பி வல்லரசு தலையை மடியில் ஏந்திக்கொண்டார். யார் எங்கே தொட்டார்கள் என்று எனக்கு இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும்.

ஒரே ஒரு வீடு போதும் என்று நினைத்தேன். ஒரு வீடு அழிந்தால் மாவட்டம் முழுவதும் விழித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். வல்லரசு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காரியம் முடிந்ததும் வண்டி எடுக்கப் போய்விட்டார். திண்டிவனத்தை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று சாவு வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

கலைமதி இறந்து போனாள். வல்லரசு போனார். அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லூர்துமேரி போனாள். திண்டிவனத்தில் யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று நூல் பிடிக்க இப்போது என்னால்கூட முடியவில்லை. பஸ்கள் எல்லாத் திசைக்கும் போகிற ஊர் அது. சாலையில் போலீஸ் தடுப்புகள் போட்டிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் இது நிற்காது, ஐயா. நிற்கும் இடத்தை நாம் தாண்டிவிட்டோம். இதே வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

கலைமதி இறந்த அன்று மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்மா" என்றார். வார்டு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. கருவிகளும் வந்தன.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். குமரேசனைத் தவிர மற்ற எல்லோருக்கும் வராமல் தடுத்திருக்க முடியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆர்த்தி மட்டும் பிழைத்துக்கொண்டாள். நான் கேட்டு வாங்கிய கருவிதான் அவளுக்கு மூச்சு கொடுத்தது. அதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது நான்.